அழாத பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம்

பிள்ளைகள் காப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தை என்றால் நின்றபடியே சொல்லிவிடுவேன். எழுத வேண்டும் என்றால் உட்கார வேண்டும். எனக்கு அதுதான் ஆகாது. நான் ஓய்வு பெற்ற செய்தி என் காலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இந்தப் பத்தியை முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து அடுப்படிக்குப் போய் வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மாதான் போனேன்.

பால் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் வேண்டும், கத்தரிக்கோலை எந்த வயசில் கையில் கொடுக்கலாம், இதெல்லாம் உங்கள் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்தே செய்த தப்பு. உங்களை மாதிரிப் புதிதாக வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

அப்போது நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு காப்பகத்துக்குப் பொறுப்பாளராக இருந்தேன். சின்னச் சின்னக் கம்பெனி வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து, தங்களிடம் வேலை பார்க்கும் பெண்களின் பிள்ளைகளுக்காக நடத்திய இடம். ஹைவேயை ஒட்டி ஒரு கட்டடம். ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, வாசலில் கம்பி கேட். ஒன்றரை வயசிலிருந்து நாலு வயசு வரை பதினெட்டுப் பிள்ளைகள். நான் மதுரைக்குள்ளிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் சௌராஷ்டிரா பேசுவோம். கோபம் வந்தால் எனக்கு அந்தப் பாஷைதான் முதலில் வாயில் வரும். பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது, தொனி தெரியும். நான் சௌராஷ்டிராவில் ஆரம்பித்தால் பதினெட்டும் கப்சிப் ஆகிவிடும்.

எனக்குச் சத்தம் ஆகாது. பிள்ளைகளோடு வேலை பார்ப்பவளுக்குச் சத்தம் ஆகாது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒன்று அழுதால் அதைப் பார்த்து இன்னொன்று அழும், பத்து நிமிஷத்தில் அறையே இழவு வீடு மாதிரி ஆகிவிடும். இதை அடக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மதுரையில் ஒரு பேன்சி கடையில் தங்க நிறத்தில் நட்சத்திர ஸ்டிக்கர் விற்றது. அட்டை அட்டையாக வாங்கி வந்தேன். அன்று முழுக்க அழாமல் இருந்த பிள்ளைக்குச் சாயங்காலம் சட்டையில் ஒரு நட்சத்திரம். அதற்குச் ‘சமத்து ஸ்டார்’ என்று பெயரும் வைத்தேன். ஒரே மாதத்தில் அறை அடங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, அத்தனை பெருமை.

நட்சத்திரம் பிள்ளைகளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, அம்மாக்களுக்கு நன்றாகப் புரிந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி வேன் கேட் முன்னால் வந்து நிற்கும். அம்மாக்கள் இறங்கி ஓடி வந்து பிள்ளையைத் தூக்குவார்கள். தூக்கியதும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், சட்டையைப் பார்ப்பார்கள். அப்புறம் பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பார்ப்பார்கள். “ஏய், ஒம் பிள்ளைக்கு இன்னைக்கும் ஸ்டார் இல்லயா?” என்று வேனுக்குள்ளிருந்து ஒருத்தி கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கேட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே சிரித்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி தினமும் முத்துமாரியின் தலையில்தான் விழும்.

முத்துமாரிக்கு இருபத்து மூன்று வயசு இருக்கும். எழுமலைப் பக்கம் பிறந்தவள். புருஷன் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இங்கே சொந்தபந்தம் யாரும் கிடையாது. ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். அவள் மகள் தன்ஷிகாவுக்கு இரண்டு வயசு. காலையில் கேட்டில் விட்டதும் ஆரம்பித்தால் மத்தியானம் வரை அழுவாள். தொண்டை கட்டினாலும் விடமாட்டாள். ஹைவேயில் லாரி போனால் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள். “ப்பா!” என்று கத்துவாள். லாரி போனதும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். கப்பலூர் ரோட்டில் லாரிக்கா பஞ்சம்? காலையெல்லாம் இதே கூத்துதான்.

மூன்று வாரம் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. முத்துமாரியை மட்டும் கேட்டில் நிறுத்தினேன்.

“இந்தா பாரு, இவ ஒருத்தியால மத்த பதினேழும் கெட்டுப்போகுது. இந்த ஒரு வாரம் பாப்பேன். அழுகை நிக்கலன்னா நீ வேற எடம் பாத்துக்க.”

“வேற எடத்துக்கு நான் எங்க டீச்சர் போவேன்? இவள இங்க விட முடியலன்னா நான் வேலைக்கே வர முடியாது டீச்சர்.”

“அப்படின்னா நீதான் பழக்கணும்.”

“எப்படி டீச்சர் பழக்க?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவள் நான், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வேன் ஹாரன் அடித்தது. நேரமாச்சு போ என்று சொல்லிவிட்டு நான் கேட்டைச் சாத்தினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை தன்ஷிகா அழவில்லை. அம்மா தோளில் தூங்கியபடியே வந்தாள். பாயில் கிடத்தியதும் புரண்டு படுத்தாள். பத்தரைக்கு எழுந்து உட்கார்ந்தாள், இரண்டு வாய் சாப்பிட்டாள், மறுபடி படுத்துக்கொண்டாள். சாயங்காலம் அவள் சட்டையில் முதல் நட்சத்திரத்தை நானே ஒட்டினேன். வேனில் கைதட்டினார்கள். முத்துமாரி வெட்கப்பட்டுச் சிரித்தாள். புதன், வியாழன், வெள்ளி எல்லா நாளும் அப்படியே போனது, நாலு நாளில் நாலு நட்சத்திரம். “பாத்தியா, கொஞ்சம் கறாராப் பேசுனா எல்லாம் வழிக்கு வந்துரும்” என்று நாகஜோதியிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த நாகஜோதிதான் நான் முதலில் சொன்ன புதுப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டி. கல்லுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். நாற்காலி இருந்தாலும் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில்தான் உட்காருவாள். அது எனக்குப் பிடிக்கவில்லை, பொறுப்பில்லாத பெண் என்று நினைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் அவள் என்னிடம் வந்தாள்.

“டீச்சர், தன்ஷிகா லாரி போனாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்குறா.”

“பழகிட்டா.”

“சிரிக்கவும் மாட்டேங்குறா டீச்சர்.”

“அழலல்ல?”

“அழல. ஆனா…”

“அம்புட்டுத்தான். போயி அந்த டம்ளரையெல்லாம் கழுவி வையி.”

அவள் போய்க் கழுவினாள். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னை மாதிரி ஒருத்தி உங்களுக்கும் மேலே இருப்பாள். அவள் டம்ளர் கழுவச் சொன்னால் கழுவாதீர்கள். நின்று, ‘ஆனா’வை முடித்துவிட்டுப் போங்கள். டம்ளர் எங்கேயும் ஓடிவிடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டில் நின்று எல்லா அம்மாக்களுக்கும் ஒரு அறிவிப்புச் செய்தேன். மறுநாள் வெளியூரிலிருந்து சிலர் வரப் போகிறார்கள். அவர்கள் ஊரிலும் காப்பகம் தொடங்குவதற்காக, எங்களுடையதை மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க வருகிறார்கள். “நாளைக்குப் பெரிய ஆளுக வாராங்க. பிள்ளைகளக் குளிப்பாட்டி, நல்ல துணி போட்டு, சமத்தா அனுப்பி வைங்க. ஒரு பிள்ளை அழக் கூடாது, சொல்லிட்டேன்.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் கண் முத்துமாரி பக்கம் போனது. அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு அம்மா. காப்பகத்தை நடத்தும் கம்பெனிக்காரர்களின் கமிட்டிச் செயலாளரும் கூட வந்தார். பதினேழு பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தன்ஷிகா மூலையில் பாயில் தூங்கினாள். காலையில் எட்டரைக்கு முத்துமாரி தோளிலிருந்து வாங்கி அப்படியே கிடத்தியது, எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்குத் தொல்லை விட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? நிம்மதியாகத்தான் இருந்தது.

“இத்தனை பிள்ளைங்க இருக்காங்க, ஒரு சத்தம் இல்லயே! எப்படி மேடம்?” என்று அந்த அம்மா கேட்டார். நான் நட்சத்திர அட்டையை எடுத்துக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். அறை மூலையிலிருந்து நாகஜோதி, “டீச்சர், ஒரு நிமிஷம்” என்றாள். நான் கண்ணாலேயே அவளை உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்.

“தன்ஷிகா எந்திரிக்க மாட்டேங்குறா டீச்சர்.”

“தூங்குற பிள்ளைய எதுக்குடி எழுப்புற? அவங்க போகட்டும்.” வந்தவர்களுக்காக முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே இதைச் சொன்னேன். என் குரல் அவர்களுக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு.

மூன்றாவது தடவை அவள் என்னைக் கூப்பிடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து வந்தாள். “இப்பப் பாருங்க” என்று சொல்லி என் கையில் போட்டாள். பிள்ளையின் தலை பின்னால் தொங்கியது. கை, கால் எல்லாம் துணி மாதிரித் துவண்டு கிடந்தன. உதட்டில் நிறம் இல்லை. மூச்சு இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன். இமை லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

சமையல் செய்யும் அக்கா சர்க்கரைத் தண்ணீர் டம்ளரோடு ஓடி வந்தார். “யாத்தே, பசி மயக்கமா இருக்கும் டீச்சர், வாயில ஊத்துங்க!”

“ஊத்தாதீங்க!” என்று கத்தினேன். மயங்கிய பிள்ளைக்கு வாய் வழியாக எதையும் கொடுக்கக் கூடாது என்பது எப்படியோ அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்சுக்குப் போன் போட்டு நிற்பதா, இருக்கிற வண்டியில் கிளம்புவதா? வந்தவர்களின் கார் கேட்டுக்கு வெளியே நின்றது. “சார், உங்க வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றேன். செயலாளர் என் பக்கம் வந்து, “டீச்சர், அவங்க விருந்தாளிங்க, நம்ம வேன் வந்துரும்” என்றார். நான் அவரைத் தோளால் தள்ளிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தேன். பார்க்க வந்த அந்த அம்மாவும் மறுபக்கம் ஏறிக்கொண்டார்.

பதினேழு பிள்ளைகளையும் நாகஜோதியிடம் விட்டேன். அவள் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “காலைலயே அவ வாயில மருந்து வாசம் வந்துச்சு டீச்சர். அவங்க அம்மாகிட்டக் கேளுங்க” என்றாள். ஏன்டி முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

ஆஸ்பத்திரிக்குத் திருமங்கலத்துக்குத்தான் போக வேண்டும். போகும் வழியில் முத்துமாரியின் கம்பெனிக்குப் போன் போட்டேன். வேலை நேரத்தில் பெண்கள் போனை வெளியே பெட்டியில் வைத்துவிட வேண்டும். சூப்பர்வைசர்தான் எடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் பேசச் சொல்கிறேன் என்றார். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை, சௌராஷ்டிராவில் சொன்னேன். வார்த்தை புரியாவிட்டாலும் வேகம் புரிந்திருக்க வேண்டும். ஓடிப் போய் முத்துமாரியைக் கூட்டி வந்துவிட்டார்.

“டீச்சர்?”

“என்னத்தடி குடுத்த பிள்ளைக்கு?”

“ஒண்ணுமில்ல டீச்சர். பாலுதான் குடுத்தேன்.”

“பொய் சொல்லாத!”

“சத்தியமா ஒண்ணுமில்ல டீச்சர். ஏன் டீச்சர், அழுகுறாளா?”

அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. அழுகிறாளா என்று கேட்டாள். அவளை அந்தக் கேள்விக்குப் பழக்கியவள் நான். இப்போது இன்னும் ஒரு வார்த்தை அதட்டினாலும் அவள் வாயைத் திறக்க மாட்டாள், என்ன மருந்து என்று தெரியாமலே நான் ஆஸ்பத்திரியில் போய் நிற்பேன். கார் டோல்கேட் வரிசையில் நின்றது. முன்னால் ஏழெட்டு வண்டி. டிரைவர் இறங்கி, “வழி விடுங்கண்ணே, பிள்ளை, பிள்ளை!” என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினார். நான் மூச்சை இழுத்துவிட்டேன்.

“முத்துமாரி, அவ அழுகல. நான் திட்டவும் இல்ல. பிள்ளை கண்ணு முழிக்க மாட்டேங்குது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். ஸ்டாரு ஸ்டாருன்னு உன்னைய இதுக்குத் தள்ளுனது நான்தான். தப்பு என் மேல, உன் மேல இல்ல. என்ன மருந்து, எம்புட்டுக் குடுத்த, எப்பக் குடுத்த? அத மட்டும் சொல்லு ஆத்தா.”

மிஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் சொன்னாள்.

“சளி மருந்து டீச்சர். எனக்கு வாங்குனது. குடிச்சா தூக்கம் வரும். செவ்வாக்கிழமைல இருந்து ஒரு மூடி குடுத்தேன்.”

“இன்னைக்கு?”

“எட்டு மணிக்கு ரெண்டு மூடி. பெரிய ஆளுக வாராங்கன்னு நீங்க சொன்னீங்கல்ல டீச்சர்?”

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கே என்னால் பதில் சொல்ல முடிந்தது. பெரியவர்கள் குடிக்கிற சளி மருந்து, எட்டு மணிக்கு, இரண்டு மூடி, அதற்கு முன்னால் நாலு நாளும் ஒவ்வொரு மூடி. “இது தெரிஞ்சது நல்லதாப் போச்சும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் முத்துமாரி வந்தாள். சூப்பர்வைசரின் பைக்கில் வந்திருக்கிறாள், தலையிலிருந்த கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள், நான் நடந்துகொண்டே இருந்தேன். உட்காரும்மா, உட்காரும்மா என்று நர்ஸ் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனார்.

மூன்று மணிக்கு மேல் உள்ளேயிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. கட்டின தொண்டையோடு வீல் வீலென்று, தன்ஷிகாவின் சத்தம். என் வாழ்நாளில் ஒரு சத்தத்துக்காக நான் அப்படிக் காத்துக் கிடந்ததில்லை. பிழைத்துக்கொண்டாள், மறுநாள் வரை வைத்திருந்து அனுப்புகிறோம் என்றார்கள். முத்துமாரி உள்ளே போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், “திரும்பச் சேத்துக்குவீங்கல்ல டீச்சர்?” என்று கேட்டாள்.

“மொதல்ல பிள்ளை நல்லா வரட்டும்” என்றேன். சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என் மேல என்று காரில் சொன்ன அதே வாய்தான்.

திங்கட்கிழமை செயலாளர் ரிப்போர்ட் கேட்டார். “அம்மா மருந்து குடுத்தாங்க, நாம காப்பாத்துனோம். அம்புட்டுத்தான் டீச்சர். ஸ்டாரு கீருன்னு எதையாவது எழுதி வச்சிராதீங்க.” நான் நாலு வரி எழுதினேன். தாய் தன் குழந்தைக்குத் தூக்கம் வரும் மருந்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார், காப்பகத்தினர் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், குழந்தை நலம். இதில் ‘உடனே’ என்பது ஒன்றுதான் பொய். மற்ற ஒவ்வொரு எழுத்தும் உண்மை. உண்மையை வைத்தே ஒருத்தியைக் கவிழ்க்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கமிட்டி எனக்கு ஒரு பாராட்டும், அந்தப் பிள்ளையை இனிமேல் சேர்க்க வேண்டாம் என்று ஒரு உத்தரவும் கொடுத்தது.

அந்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன். சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். நாகஜோதி நான் சொன்னதற்கெல்லாம் “சரி டீச்சர்” என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளைகள் வழக்கம் போலச் சத்தமில்லாமல் இருந்தார்கள். அந்த அமைதியைப் பார்த்து முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. இந்தப் பதினேழில் எத்தனை பிள்ளைக்கு வீட்டில் என்ன நடக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அழுதால் யாராவது வருவார்கள் என்பதுதான் இந்த வயசில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம். கலர் பெயரும் ஒன்று, இரண்டும் அதற்கு அப்புறம். நான் அந்தப் பாடத்தை நடத்தவே இல்லை. அழாவிட்டால் ஒரு காகிதம் வரும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

புதன்கிழமை காலையில் முத்துமாரி வந்தாள். வேலைக்குப் போகிற உடை இல்லை, வீட்டுச் சேலை. தன்ஷிகா இடுப்பில் இருந்தாள்.

“இவளோட தட்டும் மாத்துத் துணியும் இங்க கெடக்கு டீச்சர். வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

நான் எடுத்து வந்தேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“எம் பேரு எழுதி ரிப்போர்ட் குடுத்துட்டீங்களாம்ல. பரவால்ல டீச்சர். நான்தான குடுத்தேன்.”

துணிப்பையை நீட்டிக்கொண்டு நான் ஒரு அடி கிட்டே போனேன். தன்ஷிகா என் முகத்தைப் பார்த்தாள், வாய் கோணியது, அழுகை வந்தது. வந்த அந்த நொடியிலேயே முத்துமாரியின் உள்ளங்கை மகளின் வாயை இறுக்கப் பொத்தியது. பொத்திக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். சேர்க்க மாட்டோம் என்று சொல்லியாகிவிட்டது, இனிமேல் நான் அவளை என்ன செய்துவிட முடியும்? இருந்தும் அந்தக் கண்ணில் அத்தனை பயம். என்னைப் பார்த்தால் பிள்ளையின் வாயைப் பொத்த வேண்டும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

“எடு கைய” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நானே அந்தக் கையைப் பிடித்து விலக்கினேன். தன்ஷிகா காது கிழிய அலறினாள். நான் அவளை அம்மா இடுப்பிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன், என் முதுகில் குத்தினாள், முடியைப் பிடித்து இழுத்தாள். அப்படியே நின்று செயலாளருக்குப் போன் போட்டேன்.

“சார், ரிப்போர்ட்ல பாதிதான் எழுதியிருக்கேன். பிள்ளை அழுதா வெளிய அனுப்பிருவேன்னு நான் மெரட்டுனது, ஸ்டாரு, புதுப் பொண்ணு ரெண்டு தடவ வந்து சொல்லியும் நான் கேக்காதது, மீதி அம்புட்டையும் எழுதிக் கொண்டு வாரேன். பிள்ளைய இன்னைக்கே சேத்துக்கிட்டேன்.”

“டீச்சர், வேலைக்கு ஒல வச்சுக்கிறாதீங்க. என்ன சத்தம் அங்க?”

“பிள்ளை அழுகுது சார்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முத்துமாரி என் தோளில் கிடந்த மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னடி பாக்குற? ஓடு, பஸ்ஸப் பிடி, அரை நாளாவது வேலைக்குப் போ” என்று விரட்டினேன். அதன் பிறகு கமிட்டியில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. மாதிரிக் காப்பகம் என்ற பேச்சு அதோடு நின்றுபோனது. பொறுப்பை நாகஜோதிக்குக் கொடுங்கள் என்று நானே கேட்டேன், அனுபவம் போதாது என்று மறுத்துவிட்டார்கள்.

அன்று தன்ஷிகா மத்தியானம் வரை அழுதாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பிள்ளைகள் அழுதார்கள். நாகஜோதி ஒன்றைத் தூக்கினால் நான் ஒன்றைத் தூக்கினேன், சமையல் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒன்றை மடியில் போட்டுக்கொண்டார். யாரையும் சும்மா இரு என்று சொல்லவில்லை. எனக்குத் தலை வலித்தது, இடுப்பு விட்டுப்போனது.

சாயங்காலம் வேன் வந்தது. முத்துமாரி முதல் ஆளாக இறங்கி ஓடி வந்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டாள்.

“இன்னைக்கு அழுதாளா டீச்சர்?”

“அழுதா. நல்லா அழுதா. நானும் நாகஜோதியும் மாத்தி மாத்தித் தூக்கிட்டே இருந்தோம். அழுது அழுது சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, நாளைக்குக் கொண்டு வரும்போது கூட ரெண்டு செட் துணி வச்சு அனுப்பு.”

“நாளைக்கும் கொண்டு வரவா டீச்சர்?”

“பின்ன?”

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் வேனுக்குப் போகவில்லை. மகளைத் தோளில் சாத்திக்கொண்டு கேட் கம்பியைப் பிடித்தாள். அப்படியே நின்று, வேனில் இருந்த அத்தனை பெண்களும் பார்க்க, சத்தம் போட்டு அழுதாள்.